கலப்பில்லாத உப்பு

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, அந்த உப்புப் பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிக் கொல்லையில் எறிந்தார் மாமியார்.

“என் அடுப்படியில கலந்த உப்பா? ஏண்டி, இந்த வீட்டுக்குள்ள கலப்புன்னு ஒண்ணு வந்தது போதாதா?”

வந்த அந்த ஒன்று, எதிரே கரண்டியும் கையுமாக நின்ற மருமகள்தான். வேறு சாதியில் பிறந்தவள். மகன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவள். இத்தனை வருஷம் அந்த வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்தும் அந்தக் கறை மட்டும் போகவில்லை.

மாமியாருக்குத் தெருவில் சுத்தம்மா என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பாக்கெட் உப்பில் அயோடின் என்று எதையோ கலக்கிறார்களாம், யார் யார் கையோ படுகிறதாம். ஆகவே அந்த வீட்டில் மூட்டையில் வரும் கல்லுப்புதான். அதையும் கழுவிக் காயவைத்து, ஜாடியில் போட்டு, நகை மாதிரிப் பூட்டாத குறையாகக் காப்பார்.

பேத்திக்கு எட்டு வயது. எந்நேரமும் அசதி. நேற்றுப் படித்தது இன்று நினைவில் நிற்காது. அவள் அம்மாவின் கழுத்திலோ எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். இரண்டுக்கும் சுத்தம்மாவிடம் ஒரே தீர்ப்புதான்.

“எல்லாம் பொறந்த வீட்டுச் சீரு. ரத்தம் கலந்தா மூளை எங்கேர்ந்து வரும்? இந்த வருஷத்தோட அந்த மக்கை ஸ்கூல்லேர்ந்து நிறுத்திடு. வீட்டு வேலையாவது பழகட்டும்.”

மகன் மருந்துக்கடையில் நிற்கிறவர். ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். அம்மாவுக்கு எதிராக ஒரு பேச்சு மட்டும் மருந்துக்கும் கிடையாது.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் உப்பு கொண்டுவரச் சொன்னார்கள். அயோடின் இருந்தால் நீலமாகும் என்று டீச்சர் ஏதோ சொட்டு விட்டார். எல்லாப் பிள்ளைகளின் உப்பும் நீலமானது. இவளுடையது அப்படியே இருந்தது. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல, அவள் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், இரண்டு கழுத்தையும் தடவிப் பார்த்தார்.

“படிப்பு வராத பொண்ணு இல்லம்மா. இவளுக்கு வரவேண்டிய அயோடின்தான் சாப்பாட்டுல வரலை. உங்க கழுத்து வீக்கமும் அதனாலதான். மாத்திரை தர்றேன், முதல்ல உப்பை மாத்துங்க.”

அவள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுத்தம்மா காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: நம் உப்பு நிறம் மாறவில்லை! விடுவாரா? தெருக்குழாயடிக்கே போய்விட்டார்.

“எல்லார் வீட்டு உப்பும் பல்லை இளிச்சிடுச்சு. நம்மது மட்டும் பளிங்கு! இன்னிக்கு நேத்து சுத்தமா இது?”

“ஆமாம்மா, உங்க வீட்டுல எதுவுமே லேசுல ஏறாது” என்றாள் தண்ணீர் பிடிக்க வந்த தையல்காரி. சுத்தம்மா அதையும் பாராட்டாக வாங்கிக்கொண்டு வந்தார்.

டாக்டர் சொன்னபடி வாங்கிவந்த அந்தப் பாக்கெட் கொல்லையில் விழுந்தும் கிழியவில்லை. மருமகள் போய் எடுத்துவந்தாள். ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாகக் குழம்பு வைத்து அந்த உப்பைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குழம்பை மகள் தட்டிலும் தன் தட்டிலும் மட்டும் ஊற்றினாள்.

“என் உப்பைத் தின்னுட்டு என்னையே எதுத்து நிக்கிறியா?”

“தின்னுதான் அத்தை இப்படி இருக்கோம். இன்னியோட போதும். பொண்ணு நாளைக்கும் ஸ்கூலுக்குப் போவா, அடுத்த வருஷமும் போவா.”

“உன் கழுத்துல தொங்குதே பொறந்த வீட்டுச் சீரு, அது பேசுது!”

கத்திய வேகத்தில், சுத்தம்மா கழுத்தை ஒட்டி எந்நேரமும் போட்டிருக்கும் பட்டைச் சங்கிலி மேலே ஏறியது. அதன் அடியில் இன்னொரு எலுமிச்சம்பழம். மருமகள் அதையே பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அப்போ இது யார் வீட்டுச் சீரு, அத்தை?”

மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கினார். பிறந்ததிலிருந்து பார்த்த கழுத்தை அன்றுதான் பார்த்தார். தட்டை மெதுவாகச் சின்னப் பாத்திரத்தின் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் பேத்தி பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். சுத்தம்மா குழாயடிக்கு வந்தார், கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துண்டோடு.

“என்னம்மா இது?” என்றாள் தையல்காரி.

“பனி ஒத்துக்கலை.”

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.