தனக்கோடி கைத் தைலம்

1993ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, லிங்கராஜபுரத்தில் குடியிருந்த தனக்கோடியின் உள்ளங்கைகளில் நீலகிரித் தைலம் சுரக்கத் தொடங்கியது. அவள் அப்போது சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தச் சட்னியை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை, இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான். சோப்பு போட்டுக் கழுவினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், துணியால் துடைத்துப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் கைரேகைகளுக்குள் மறுபடியும் ஊறி நின்றது. கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அவள் கணவன் உத்தமன் மோந்து பார்த்துவிட்டு, கடைச் சரக்கு இல்லை, ஹொஸகோட்டைத் தோப்பில் இலையைக் கசக்கினால் வரும் அசல் வாசனை என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதால் வேலைக்குப் போய்விட்டான்.

தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்தக் கைகள் மூன்று வருடமாக வேறு எதையும் அவ்வளவாகத் தொட்டதில்லை. மகள் வைஷ்ணவிக்கு நாலு வயது, பிறந்த ஆறாம் மாதத்திலிருந்தே இளைப்பு. பெங்களூர்க் குளிர் உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு நல்லதாக இருக்கலாம், குழந்தைகளின் நெஞ்சை அது என்ன பாடு படுத்துகிறது என்று தாய்மார்களைக் கேட்டால் தெரியும். ஓமத்தை வறுத்து முடிச்சுக் கட்டி முகர வைத்தாள். கற்பூரவல்லிச் சாறு, தூதுவளை ரசம், நெஞ்சில் நல்லெண்ணெய் தடவி வாட்டிய வெற்றிலை, சுட்ட மஞ்சள் கொம்பின் புகை, போர்வை மூடி ஆவி, எல்லாம் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தும் உள்ளே போனது. காலையும் மாலையும் நீலகிரித் தைலம் தேய்த்தாள். மழை மேகம் கட்டினால் போதும், குழந்தையின் விலா எலும்புகள் உள்ளே இழுக்கும், உதடு நீலம் பாரிக்கும்.

தைலம் சுரந்த பத்தாம் நாள் அவளுக்கு வேலை போனது. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் அவள் காலர் தைத்த நானூறு சட்டைகளும் மணத்தன என்று சூப்பர்வைசர் அவளை அனுப்பிவிட்டார். போனால் போகிறது என்று வீட்டில் உட்கார்ந்தாள், ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பி.டி.எஸ். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன ஜெயராமனுக்கு இருபது வருட ஒற்றைத் தலைவலி ஒரே தடவலில் போனது. மல்லேஸ்வரத்திலிருந்து சளி கட்டிய குழந்தைகளோடு ஆட்டோவில் வந்தார்கள், அத்திபெலேயிலிருந்து முழங்கால் பிடித்துக்கொண்ட லாரி டிரைவர்கள் நொண்டிக்கொண்டே வந்தார்கள். திரும்பிப் போகும்போது யாரும் நொண்டவில்லை. பக்கத்து வீட்டு வனஜாவின் சின்னப் பையனுக்கும் இளைப்பு இருந்தது. தனக்கோடி மூன்று நாள் தேய்த்தாள், அவன் நான்காம் நாள் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

வைஷ்ணவிக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் நெஞ்சில் கை வைத்த உடனே தைலம் சேப்பங்கிழங்கு இலையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி உருண்டு பாயில் விழுந்துவிடும். தனக்கோடிக்கே ஜலதோஷம் பிடித்தாலும் அது அவளுக்கு உதவாது. வந்தவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகும்போது, உள் அறையில் தன் குழந்தை விசில் ஊதுவதுபோல் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு அவள் அடுத்த ஆளின் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்படி மூன்று வருடம் இருந்தாள். அந்தக் கொடுமையை எழுதினால் தீராது, அதனால் விட்டுவிடுகிறேன்.

1996 ஜூனில் வைஷ்ணவியை இரண்டு முறை ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் உத்தமனைத் தனியாக அழைத்துச் சொன்னார். உத்தமன் அதை அப்படியே வீட்டில் வந்து சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். தனக்கோடி அழவில்லை, யோசித்தாள். ஊரான் பிள்ளைக்கெல்லாம் கேட்கிற தைலம் தனக்கும் தன் வயிற்றில் பிறந்ததுக்கும் மட்டும் கேட்கவில்லை. அப்படியானால் இவள் தன் பிள்ளையாக இருப்பதுதான் கோளாறு.

அதற்கு வழி இருந்தது. பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், பிள்ளையை வேறொரு பெண்ணுக்குத் தவிட்டுக்கு விற்பார்கள். வாங்குகிறவள் ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். இது வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போவான். மூன்றாம் நாள் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி வருவது வழக்கம். தனக்கோடி நேராக வனஜா வீட்டுக்குப் போய், "எம் பொண்ண தவுட்டுக்கு வாங்கிக்க, வனஜா" என்றாள். வனஜாவுக்கு ஏற்கெனவே இரண்டு பையன்கள். அவள் கணவன் அலெக்சாண்டர் மாதா கோயில் கூட்டத்தில் பெரிய ஆள், அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. "எனக்கு ரெண்டே ஜாஸ்திக்கா. மூணே நாளு, அப்பறம் இட்டுனு பூடணும்" என்று சொல்லிவிட்டு, சேஷகிரியின் மாட்டுத் தீவனக் கடையிலிருந்து ஒரு படி தவிடு வாங்கி வந்து கொடுத்தாள்.

அன்று சாயந்திரம் வனஜா வீட்டுப் பாயில் வைத்துத் தனக்கோடி தைலம் தேய்த்தாள். தைலம் உருளவில்லை. தோலுக்குள் இறங்கியது. ஏழு வயது வைஷ்ணவி வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள். விட்டுவிட்டுச் சிரித்தாள், பசிக்கிறது என்றாள், மூன்று தோசை தின்றாள். மூன்றாம் நாள் முறைப்படி தவிட்டைக் கொடுத்து அவளை அழைத்து வந்தார்கள். நிலைப்படி தாண்டிய உடனே இழுப்பு வந்துவிட்டது. மறுபடியும் ஓடிப் போய்த் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையை விற்றாள், சரியாகிவிட்டது. மறுபடியும் மூன்று நாள்.

அந்த மூன்றாம் நாள் காலை தனக்கோடி தவிட்டுப் பாத்திரத்தோடு வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். எதிர்வீட்டு யசோதாவின் மாடு தெருவில் நின்றுகொண்டிருந்தது. பாத்திரத்தை அதன் முன்னால் வைத்தாள். அது கடைசித் துகள்வரை நக்கித் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்று, அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். திருப்பிக் கொடுக்கத் தவிடு இல்லையென்றால் விற்றது விற்றதுதான், அது அவளுக்குத் தெரியும். பெயருக்கு வனஜாவின் பிள்ளையாக இருந்தாலும் தன்னோடுதான் வளரும் என்று அவள் நினைத்தாள். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் வனஜா எழுந்தபோது அவளுக்கு மூன்று பிரசவ வலி ஞாபகம் இருந்தது. அலெக்சாண்டர் மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு ஸ்கூலுக்கு அழைத்துப் போனார். ரேஷன் கார்டில் பெயர் அங்கே இருந்தது, இங்கே இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் வைஷ்ணவி மேரி என்று பழைய மையில் எழுதியிருந்தது, அது என்ன பெயர் என்று பாதர்கூடக் கேட்கவில்லை. தனக்கோடியின் அடிவயிற்றில் இருந்த பிரசவக் கோடுகள் மறைந்து வழுவழுப்பாகிவிட்டன. அவள் உத்தமனிடம் ஓடினாள். அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, "இன்னா தனக்கோடி, நமக்கு ஏது கொயந்த?" என்றான். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். உத்தமன், பிள்ளை இல்லாத ஏக்கம் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவள் ஒருத்திக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது. இதை எழுதுகிற எனக்கும் அவள் சொல்லித்தான் தெரியும், அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

பிறகு பதிமூன்று வருடம். வாரத்துக்கு இரண்டு நாள் வைஷ்ணவி தைலம் தேய்த்துக்கொள்ள வருவாள், "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே செருப்பை விடுவாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. தேய்க்கும்போது தனக்கோடி மனதுக்குள் 'என் பொண்ணு' என்று ஒரு முறை நினைத்தால் போதும், தைலம் உருண்டுவிடும், பிள்ளை இருமும். அதனால் அவள் ஜெயராமன் ஓட்டிய பஸ்களின் நம்பரை வரிசையாக நினைத்துக்கொண்டு தேய்க்கப் பழகினாள். வைஷ்ணவி பெரியவளானபோது சடங்கில் தனக்கோடி வரிசைத் தட்டு தூக்கியவர்களில் ஒருத்தியாக நின்றாள். பி.யூ.சி.யில் பாஸானபோது பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்கிற அளவு மைசூர்பாகு வந்தது. வெளியே லிங்கராஜபுரத்தில் மேம்பாலம் வந்தது, ஓட்டு வீடுகள் மூன்று மாடியாயின, உத்தமன் 2004இல் மஞ்சள்காமாலையில் இறந்தான், அவனுக்கும் அந்தத் தைலம் உதவவில்லை.

2009இல் வைஷ்ணவிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்பும் காலையில் அலெக்சாண்டர் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்க, அவள் தனக்கோடியிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் எங்கூட வந்துடுங்க ஆன்ட்டி. நீங்க எனக்கு இன்னொரு அம்மாதான?" என்றாள்.

பதிமூன்று வருடமாகக் கேட்காத வார்த்தை. தனக்கோடிக்கு நெஞ்சு கொள்ளாமல் சந்தோஷம் பொங்கிவிட்டது. சந்தோஷப்பட்டதுதான் தப்பாகப் போயிற்று. அந்த நிமிடமே வைஷ்ணவிக்கு இழுப்பு வந்தது, சிறுவயதில் வந்த அதே இழுப்பு. விலா உள்ளே போனது, உதடு நீலமானது, படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தனக்கோடி நெஞ்சில் கை வைத்தாள். பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவள் கைகள் காய்ந்து கிடந்தன. வனஜா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். தனக்கோடி, "நான் உங்கம்மா இல்லம்மா" என்றாள். வாய்தான் சொன்னது, பெண்ணுக்குக் கண் செருகியது.

தனக்கோடி அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். அந்த முகத்தில் தன் மூக்கும் உத்தமனின் புருவமும் இருப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, ஊரார் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தாள். பெற்ற வலியை விட்டாள், பால் கொடுத்ததை விட்டாள், மாட்டின் முன்னால் பாத்திரம் வைத்ததையும் விட்டாள். "நீ எனக்கு யாரும் இல்ல. பக்கத்து வூட்டுப் பொண்ணு, அவ்ளோதான். போய்ச் சேரு" என்றாள். மனசாரச் சொன்னாள்.

கையில் தைலம் மறுபடி ஊறியது, மூச்சு திறந்துகொண்டது. வைஷ்ணவி எழுந்து முகத்தைத் துடைத்தாள். ஆன்ட்டி இப்படி முகத்தில் அடித்த மாதிரி பேசுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை; முகம் வாடிப்போய், சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறினாள். அதன்பிறகு அவளுக்கு ஒரு நாளும் இளைக்கவில்லை, அந்தத் தெருவுக்கு வந்தாலும் தைலம் தேய்க்க அவள் வருவதில்லை. அன்று தனக்கோடி வீட்டில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் தேய்த்தாள், எல்லோருக்கும் குணமானது.