இழுத்தால் நிற்கும்

படகு மட்டும் கடலில் வட்டமடித்துக்கொண்டிருந்ததாம். பெட்ரோல் தீர்ந்து அது நின்ற பிறகுதான் கொழுந்தனின் படகு அதை எட்டிப் பிடித்தது. உள்ளே வலை இருந்தது, தண்ணீர்க் குடம் இருந்தது, ஆள் இல்லை. அவள் கணவன் மறுநாள் பிணமாகக் கிடைத்தான்.

வீடு கொள்ளாமல் சனம் கூடி அழுதபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் இருந்துச்சு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், சித்தம் கலங்கிவிட்டது என்றாள் நாத்தனார். சித்தமெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அழுகைதான் வரவில்லை. பதினோரு வருடமாக மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி சுற்றுகிறவள். அந்த வாரமே வேலைக்குப் போய் எரிந்துபோன பம்ப்செட் ஒன்றைப் பிரித்தாள். ஊர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசியது.

இரண்டு மாதம் கழித்துக் கொழுந்தன் வந்தான். வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, என் படகு ஓட்டையாப் போச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து அண்ணன் படகை எடுக்கலாம்னு பாக்குறேன். உங்களுக்குச் சங்கடம்னா வேணாம்."

"எடுத்துக்க. அதுக்கு முன்னாடி இன்ஜினைக் கொண்டாந்து இங்க போடு. ஆள் விழுந்தா இன்ஜினைத் தானா நிறுத்துற கில் ஸ்விட்ச் மாட்டித் தரேன்."

"அது பழைய இன்ஜின் அண்ணி. அந்த மாதிரி இன்ஜினுக்கெல்லாம் ஸ்விட்ச் கிடையாது."

"அதனாலதான் மாட்டணும்கிறேன்."

அன்று சாயங்காலமே அவன் இன்ஜினைத் தோளில் தூக்கிவந்து பின்கட்டில் ஒரு மரச்சட்டத்தில் மாட்டினான்.

உதிரிபாகக் கடைக்காரர் கொடுத்த ஸ்விட்சை அவள் கல்லா மேசையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்தாள். கயிற்று நுனியிலிருந்த கிளிப்பை ஸ்விட்சில் மாட்டியிருக்கும்போது மீட்டர் கத்தியது. பிடுங்கினால் வாயை மூடிக்கொண்டது.

"இது வேணாண்ணே. இதுக்கு நேர் எதிரா உள்ளது குடுங்க."

"ஸ்விட்சுன்னா எல்லாம் ஒண்ணுதானேம்மா?"

"இதுல இல்ல. ஸ்டாப் ஒயர் பாடியில பட்டாத்தான் இந்த இன்ஜின் நிக்கும். இத மாட்டினா, கிளிப் இருக்கறப்ப நிக்கும், கிளிப் போயிட்டா ஓடும்."

"அப்ப ஆள் விழுந்தாத்தான் வண்டியே ஓடும்னு சொல்லு," என்று சிரித்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். தெருவுக்கே தெரிந்த சாவு அது.

"ஆமா," என்றாள் அவள். அவர் மூன்று பெட்டியைக் கவிழ்த்துத் தேடிச் சரியானதை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை மூடியைக் கழற்றினாள். முன்பக்கத்து நிறுத்தும் பொத்தானிலிருந்து இரண்டு ஒயர்கள் போயின. ஒன்று ஸ்பார்க் பெட்டிக்கு, மற்றொன்று இன்ஜின் உடம்புக்கு. அந்த இரண்டோடும் புது ஸ்விட்சின் இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டினாள். ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, சுழலும் சக்கரத்தில் உரசாதபடி ஒயரை ஓரமாக இழுத்துக் கட்டினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கணவன் உயிரோடு இருந்த எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அதற்குமேல் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. ஊசி போட்ட பல்லை நாக்கால் தொடுவதுபோல அந்த நினைப்பை இரண்டு மூன்று முறை தொட்டுப் பார்த்தாள்.

கொழுந்தன் இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இன்ஜினை அதில் இறக்கி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினான். சத்தம் சுவரில் முட்டித் திரும்பியது. ஸ்விட்சின் சிவப்புக் கயிற்றை அவன் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள்.

"பின்னாடி போ."

அவன் நகரவில்லை. இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்தாள். கிளிப் தெறித்தது. இன்ஜின் நின்றது. டிரம்மில் தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது.

"இவ்வளவுதானா அண்ணி?"

"இவ்வளவுதான்."

அவன் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"படகைப் பிடிச்சவன் நீதானே. த்ராட்டில் எதுல இருந்துச்சு?"

"பாதியில."

"முழு டேங்க்னு சொன்னாங்க. போன தூரத்துக்குச் செலவானது போக, ரெண்டரை மணி நேரம் சுத்தியிருக்கும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவன், தன் படகு தன்னைச் சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் கிடந்த நேரம் அது. அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. உன்கிட்டதான்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவன் அழுது முடிக்கும்வரை அவள் எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை மதியம் அவன் நேராக அவள் கடைக்கே வந்தான். சட்டையெல்லாம் உப்பு.

"ரெண்டு தடவ நின்னுடுச்சு அண்ணி. வலைய எட்டி இழுக்கறப்ப கயிறு பத்தல. எரிச்சலாயிடுச்சு."

"கழட்டிட்டியா?"

"கழட்டலாம்னு கை போச்சு." மணிக்கட்டை நீட்டினான். கயிறு இன்னும் அதிலேயே இருந்தது, அதன் நுனியில் கிளிப் தொங்கியது. "கழட்டல."

அவள் சுற்றிக்கொண்டிருந்த காயிலைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றைத் தன் கையால் அளந்தாள். "ஒரு சாண் கூட்டினா சரியாயிடும். உக்காரு," என்று சொல்லி, அலமாரியில் கெட்டியான நூல்கயிறு தேடினாள்.