இருக்கை உள்ள வண்டி

பதினாறு சக்கர லாரிக்கான தார்ப்பாயை நான்கு பெண்கள் சேர்ந்தால்தான் மெசினுக்குள் நேராகப் போகும். ஹெலன் மெசினில் உட்கார்ந்திருந்தாள். மற்ற மூவரும் முட்டி போட்டு நகர்ந்துகொண்டே பாயைத் தள்ளினார்கள். தகரக் கொட்டகையில் பங்குனி வெயில் இறங்கியிருந்தது. புதுப் பாயின் மெழுகு வாசம் தொண்டை வரை ஏறியது.

வட்டச் செயலாளர் மோகன்குமார் வாசலில் வந்து நின்றான். பின்னால் இரண்டு ஆட்கள்.

"ஹெலனக்கா, கொஞ்சம் எந்திரிச்சு வாங்க. ஒரு சேதி."

"பாயி பாதியில நிக்குதுங்க தம்பி. அங்கிருந்தே சொல்லுங்க."

"நம்ம வார்டு லேடீஸ் வார்டு ஆயிருச்சுங்க. சேவியரண்ணனுக்குத்தான் சீட்டுன்னு பேசி வெச்சிருந்தோம். இப்ப உங்க பேரக் குடுத்திருக்குது."

ஹெலன் தையலைக் கடைசி வரை ஓட்டி, நூலைக் கத்தரித்த பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"தோத்துட்டா?"

"தோத்தா மறுபடியும் இங்கயே வந்து தைங்க."

"அப்பச் செரி" என்றாள் ஹெலன். பாய் பிடித்திருந்த பெண்கள் சிரித்ததில் அடுத்த தையல் ஒரு விரல்கடை கோணிப் போயிற்று.

அவள் கணவன் சேவியர்ராஜ் லாரிகளின் முதுகில் எழுத்து எழுதுகிறவன். கட்சிக்கு முப்பது வருஷம் சுவரெழுத்தும் எழுதியிருக்கிறான். தன் பேர் போய் அவள் பேர் வந்ததில் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தான். மறுநாள் காலையில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வார்டில் இருந்த காலிச் சுவர்களிலெல்லாம் 'ஹெலன்' என்று ஆளுயரத்துக்கு எழுதினான். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

மேயர் ஆனது யாரும் நினைத்துச் செய்ததில்லை. கட்சியின் இரண்டு பெரிய ஆட்கள் தங்கள் தங்கள் மனைவிக்கே அந்த நாற்காலி வேண்டுமென்று எட்டு நாள் மல்லுக்கு நின்றார்கள். இவருக்குக் கொடுத்தால் அவர் போய்விடுவார், அவருக்குக் கொடுத்தால் இவர் போய்விடுவார். யாருக்கும் வேண்டாத, யாருக்கும் பகையில்லாத ஒரு பேர் தேவைப்பட்டது. ஒன்பதாம் நாள் ஹெலன் அங்கியும் சங்கிலியும் அணிந்து மேடையில் நின்றாள். அங்கியின் ஓரம் இரண்டு இடத்தில் பிரிந்திருப்பதைப் பதவியேற்கும்போதே பார்த்துவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய், உள்தையல் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

முதல் ஆறு மாதம் அதிகாரிகள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு சேவியர்ராஜைத்தான் தேடி வந்தார்கள். அவன் பிரஷைக் கீழே வைக்காமலே சொல்வான்: "மேயர் உள்ளார இருக்காங்க. நான் பெயிண்டருங்க."

மன்றக் கூட்டங்கள் அவளுக்குப் பழகிவிட்டன. எழுத்தர் பொருள் எண்ணை வாசிப்பார். அவள் தலையசைப்பாள். தீர்மானம் நிறைவேறிவிடும். மாதம் ஒருமுறை நடந்த அந்தக் கூட்டம் ஒரு பாய் தைப்பதைவிடச் சீக்கிரம் முடிந்தது.

இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் செல்லாயி விழுந்தாள்.

செல்லாயி ஹெலனின் வார்டுக்காரி. ஒப்பந்தத்தில் தெருக் கூட்டுகிறவள். வெளி வார்டுகளுக்குப் போகிற பெண்களை விடியற்காலையில் குப்பை லாரியில்தான் ஏற்றிப் போவார்கள். கூடைகளும் தள்ளுவண்டிகளும் கிடக்கிற தொட்டியில், கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். மேம்பாலத் திருப்பத்தில் லாரி சடாரென்று ஒடித்ததில் செல்லாயி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

ஹெலன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஆறு வருசமாக் கூட்டறனுங்க சாமி" என்றாள் செல்லாயி. "இப்பப் போயிக் கேட்டா, அப்பிடி ஒரு ஆளே எங்ககிட்ட வேலைக்கு இல்லைங்கறாங்க. என்ற பேரே லிஸ்டுல கெடயாதாமா."

"கைநாட்டு வெச்சியா தினமும்?"

"மேஸ்திரி ஒரு நோட்டுல டிக்கு அடிப்பாருங்க. அந்த நோட்டையும் இப்பக் காணமாம்."

சுகாதார அலுவலரைக் கேட்டாள். அது ஒப்பந்ததாரர் விவகாரம் என்றார். ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டால் அவர் வெளியூரில் இருந்தார். அடுத்த கூட்டத்துக்கான பொருள் பட்டியல் வந்தது. பதினேழாவது பொருள், அதே ஒப்பந்ததாரருக்கு மேலும் மூன்று வருஷ நீட்டிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஹெலன் புடவைகூட மாற்றாமல் அந்தக் காகிதக் கட்டோடு உட்கார்ந்தாள். பழைய ஒப்பந்தத்தையும் அதோடு இணைத்திருந்தார்கள். எட்டாவது வரை படித்தவள். ஆட்காட்டி விரலை வரியின் கீழ் நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். சேவியர்ராஜ் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இதைக் கேளுங்க. 'பணியாளர்களை இருக்கை வசதியுள்ள வாகனத்தில் பணியிடத்துக்கு அழைத்துச் செல்வது ஒப்பந்ததாரரின் பொறுப்பு.' அப்பிடித்தான போட்டிருக்குது?"

அவன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "போட்டிருக்குது."

"அப்ப அந்த வண்டி எங்கீங்க?"

"நாளன்னிக்கு அவங்களயே கேளு."

கேட்டாள். எழுத்தர் "பொருள் எண் பதினேழு" என்று வாசித்து முடித்து, வழக்கம்போலப் பதினெட்டுக்குப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் ஹெலன். ஒலிபெருக்கி கீச்சிட்டது. "பதினோராம் நிபந்தனையில இருக்கை உள்ள வண்டின்னு போட்டிருக்குது. அந்த வண்டியை நான் பாத்ததில்லீங்க. இங்க ஆராச்சும் பாத்திருக்கீங்களா?"

சுகாதார அலுவலர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் தன் பேனாவைப் பார்த்தார்.

"வேலை செய்யறவங்க பேரெல்லாம் போட்ட லிஸ்டும் வேணும். வண்டியும் லிஸ்டும் வரட்டும். அதுவரைக்கும் ஒத்தி வெக்கறேன்."

கூட்டம் முடிந்து காரில் ஏறுவதற்குள் மோகன்குமாரின் போன் வந்தது.

"ஏனுங்கக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? அவரு கட்சிக்கு வேண்டியவருங்க."

"நானும் கட்சிதானுங்களே தம்பி. நான் புதுசா ஒண்ணும் கேக்கல. அவரு கையெழுத்துப் போட்டதத்தான் கேக்கறேன்."

அடுத்த மூன்று மாதமும் பதினேழாவது பொருள் வந்தது. மூன்று மாதமும் ஒத்தி வைத்தாள். பெரிய ஆட்கள் இருவரும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து வந்து அவள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் இறங்கி வரவில்லை. நான்காம் மாதம் பட்டியல் வந்தது. அதில் செல்லாயி பேரும், இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத இன்னும் முப்பத்தோரு பெண்களின் பேரும் இருந்தன. அதற்கடுத்த வாரம் இருபத்தாறு இருக்கை கொண்ட ஒரு நீல வேன் வந்து மாநகராட்சி வளாகத்தில் நின்றது. ஹெலன் ஏறி ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தாள். உறைத் தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது.

வேன் தொடக்க விழாவுக்கு முந்தின நாள் மோகன்குமார் நேரில் வந்தான். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தான்.

"அடுத்த தடவ வார்டு வேற ஆளுக்குன்னு மேல பேசிட்டாங்கக்கா. நான் எவ்வளவோ சொன்னேன்."

"அடுத்த தடவைக்கு இன்னும் மூணு வருசம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"அது போதுமுங்க தம்பி. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் ஹெலன். சொல்லும்போது மனதில் பாரம் எதுவும் இல்லாததை உணர்ந்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விழா காலை ஒன்பது மணிக்கு. பெண்கள் எட்டுக்கே வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. விடியற்காலையில் குப்பை லாரியில் போய்த் தெருக்களைக் கூட்டிவிட்டு, அதே லாரியில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பச்சைக் கோட்டும், படத்துக்காக ஒரு புதுத் துடைப்பமும் கொடுத்து வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து வரவேண்டிய தலைவர் பத்தரைக்கு வந்தார். ஏழை எளியோர் மீது கட்சி கொண்டிருக்கும் அக்கறையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கொடியை அசைத்தார்.

வேன் கதவு திறந்தது. வரிசையின் முன்னால் நின்ற அங்கம்மாள் படியில் கால் வைக்கப் போனாள்.

"இரும்மா, இரும்மா. மொதல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவாங்க" என்று யாரோ அவளை ஒதுக்கினார்கள். வெள்ளை வேட்டிகள் ஏறின. ஒப்பந்ததாரர் ஏறினார். மோகன்குமார் ஜன்னலோரம் இடம் பிடித்தான். இடம் கிடைக்காத நான்கைந்து பேர் நடுவில் நின்றுகொண்டார்கள். வேன் ஹாரன் அடித்தபடி கிளம்பிப் போயிற்று.

ஹெலன் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். ஊன்றுகோலோடு நின்ற செல்லாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தன் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்தாள். டிரைவர் குமரனிடம் ஏசியைப் போடச் சொன்னாள். பிறகு வரிசையில் அங்கம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"சீட்டு மெத்துன்னு இருக்குமுங்களா?" என்று கேட்டாள் அங்கம்மாள்.

"நானே உக்காந்து பாத்தேன். எந்திரிக்க மனசு வராது. நாளைக்கு விடியால அல்லாரும் அதுலதான் போறீங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி ஜன்னலோரம் தனக்குத்தான் என்றாள். இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். ஹெலனும் சிரித்தாள்.

கால் மணி நேரத்தில் வேன் திரும்பி வந்தது. பெண்கள் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார்கள். வேன் நிற்கவில்லை. இரண்டாவது சுற்றுக்காக அவர்களைக் கடந்து போயிற்று. ஜன்னல் வழியே யாரோ கையசைத்தார்கள். தங்களுக்குத்தான் என்று நினைத்து, பெண்கள் துடைப்பங்களைத் தூக்கித் திருப்பி அசைத்தார்கள்.