உள்ளங்கை அளவுத் துணிப்படம்

என் வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறார். இதைச் சொல்லும்போதே எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடும். அதை நான் மறைப்பதும் இல்லை. ஒரு கட்டுக் கம்பியை மேலே தூக்கி, குறித்த இடத்தில் பூப்போல இறக்கி வைக்கிற மனிதர். வீட்டில் மட்டும் குடித்த டம்ளரை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. அது வேறு கதை.

அவர் துணியில் படம் தைக்க ஆரம்பித்ததற்குக் காற்றுதான் காரணம். காற்று பலமாக அடித்தால் கிரேனை நிறுத்திவிட வேண்டும். அத்தனை ஏணியும் இறங்கி மறுபடி ஏறுவானேன் என்று உச்சியில் இருக்கிற கேபினிலேயே உட்கார்ந்திருப்பார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஆள். நான் வேலை பார்க்கும் தையல் கடையில் வெட்டி மிச்சமாகிற துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

கொஞ்ச நாளில் படங்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற சதுரம். அடியில் சாம்பல் நிற முரட்டுத் துணி. அதன் மேல் வட்டமாக ஒன்று, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஏதோ, முன்னால் இரண்டு சின்ன நுனிகள். பேன்ட் நீளத்தைக் குறைப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். குறை கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தையல் கொஞ்சம் கோணல்தான், ஆனால் ஓரத்தை உள்ளே மடித்து அவர் தைத்திருந்த விதத்தில் ஓர் இடத்தில்கூட நூல் பிரியாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

ஒவ்வொன்றையும் ஒருவருக்கென்று தைத்தார். நாத்தனாருக்கு, மகளுக்கு, என் அண்ணனுக்கு, வேலை நடக்கும் இடத்துக் காவலாளிக்குக்கூட. எனக்கு மட்டும் இல்லை. துண்டுப் பையைச் சுமந்து வந்து கொடுப்பவள் நான். தினமும் கடைக்குப் போகிற வழியில் சாப்பாட்டுக் கேரியரைக் கேட்டில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, கிரேன் நேராகத்தான் நிற்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவளும் நான். கீழேயிருந்து அந்தக் கேபின் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். அங்கிருந்து அவருக்கு நான் எங்கே தெரியப்போகிறேன்? எனக்கு ஏன் இல்லை என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். ரோஷம் விடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். அண்ணன், அண்ணி, நாத்தனார், எங்கள் மகள். எங்கள் குடும்பமே அந்த ஒரே சாலையில்தான் பிழைக்கிறது. கிரேனுக்கு எதிரில் அண்ணனின் டிரைவிங் ஸ்கூல், அதற்கு அடுத்து நாத்தனார் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி, முனையில் என் தையல் கடை. மகளும் அந்த வழியாகத்தான் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள். சாப்பாடு முடிந்ததும் அவர் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, வேர்த்த கையால் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அப்போதும் எனக்கு இல்லை.

அண்ணன் ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லிக் கொடுப்பவர், அவர் பேச்சுக்குப் பிரேக் கிடையாது. தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை இது, ஓரம் கருகின ஆம்லெட் மாதிரி இருக்கு?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நாத்தனார் தன்னுடையது ஜாம் பாட்டில் மூடி என்றார். மகள் தன்னுடையது தக்காளி என்றாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் சத்தியமாக எனக்கும் அது ஆம்லெட்டாகத்தான் தெரிந்தது.

அவர் முகம் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். உள்ளே கொண்டுபோகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"இனிமே துண்டு கொண்டுவராதே. இது நமக்கு வராது."

எனக்குப் பொறுக்கவில்லை. பாதி அவருக்காக. மீதி எனக்காகத்தான். இனி எனக்கென்று ஒன்று வரவே போவதில்லையே.

அண்ணன் காரைத் திருப்பி நிறுத்துவதற்காகக் கீழே போனார். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் நான் பால்கனிக்குப் போனேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. துணியை உருவிக்கொண்டே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் கீழே நடந்து போய்க்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அவருக்கு முகமே இல்லை. பளபளவென்று வழுக்கை, அதைச் சுற்றிக் கறுப்பாகக் கொஞ்சம் முடி, இரண்டு பக்கமும் கட்டம் போட்ட சட்டையின் தோள்கள், முன்னால் மாறி மாறி எட்டிப் பார்க்கும் பழுப்பு ஷூ நுனிகள். ஆம்லெட் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, அங்கேயே நில்லுங்க" என்று கத்திவிட்டு டப்பாவை எடுக்க ஓடினேன். அண்ணியையும் நாத்தனாரையும் மகளையும் இழுத்து வந்து பால்கனியில் நிறுத்தினேன். அண்ணி படத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவரேதான். பின்னால ஒரு பக்கம் முடி தூக்கிக்கிட்டு நிக்குமே, அதைக்கூட விடலை" என்றார். ஒரு கறுப்பு நூல் அங்கே தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றும் தானாக விளங்கியது. ஜாம் மூடி நாத்தனாரின் நீலக் குடை. ஒரு கம்பி வளைந்த அந்தக் குடையை அவர் இன்னும் மாற்றவில்லை, படத்திலும் ஒரு மூலை மடங்கியிருந்தது. தக்காளி மகளின் ஹெல்மெட். அதில் வெள்ளை நூலால் ஒரு கீறல். அந்தக் கீறல் எப்போது வந்தது என்று நான் கேட்டதும் அவள் பேச்சை மாற்றினாள்.

வெயிலில் நின்ற அண்ணன், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேலே வரவழைத்து விஷயத்தைச் சொன்னோம். பின்னந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவரைப் பேசாமல் இருக்கவைத்த முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான். பிறகு, டிரைவிங் ஸ்கூலில் தன் நாற்காலிக்கு மேலே மாட்ட வேண்டும், கொடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"நீங்க எல்லாரும் அப்படித்தானே இருக்கீங்க" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு, கீழே போகிற சொந்தக்காரர்களை முடி, குடைக்கம்பி வரைக்கும் கவனித்துத் தைத்த மனிதர் என் வீட்டுக்காரர். வந்தவர்கள் கிளம்பும்வரை அதையே நாலு தடவை சொல்லி அவர்களைப் படுத்தினேன். ஆனால் வீடு காலியானதும் பழைய முள் மறுபடி குத்தியது. எல்லாரும் கண்ணில் பட்டார்கள், அந்தக் கேட்டில் தினமும் நிற்கிற நான் படவில்லையா? டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, ரோஷத்தை விட்டுக் கேட்டேன்.

"எனக்கு ஏன் இல்லை?"

அவர் டப்பாவைத் திறந்து, அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கி ஒரு சதுரத்தை எடுத்து நீட்டினார். அதே சாம்பல் துணி. தோளில் பை, கையில் கேரியர். ஆனால் தலை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்கள், ஒரு வாய், நெற்றியில் விழுந்த முடி. நடுவில் தைத்துத் தைத்துப் பிரித்ததில் துணி சல்லடையாகியிருந்தது.

"மத்தவங்களுக்கு தலையும் தோளும் போதும். யாரும் மேல பார்க்கிறதில்லை" என்றார். "அந்த ரோட்டுல முகம்னு எனக்குத் தெரியறது உன்னோடது மட்டும்தான். முகம் தைக்கத்தான் கை வரமாட்டேங்குது. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறேன், மூக்கு சரியா வரலை."

"நான் நிக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தினமும்."

சோப்புக் கையோடு அதைத் தொடக்கூடாது என்று முந்தைய நிமிடம்வரை நினைத்தவள், அப்படியே வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ஓரத்தையெல்லாம் நன்றாக மடித்துத் தைத்திருக்கிறீர்கள், எங்கள் கடையில்கூட இப்படித் தைக்க ஆள் இல்லை என்று, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். தலைக்கு ஏறினால் ஏறட்டும். அவர் சிரித்துக்கொண்டே படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்னும் முடியவில்லையாம்.

மறுநாள் கேரியரோடு துண்டுப் பை ஒன்றையும் காவலாளியிடம் கொடுத்தேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, கேட்டுக்கு முன்னால் வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வழக்கமாகப் பார்க்கிற நேரம் தாண்டியும் நகரவில்லை. மேலே ஏதாவது கோளாறா என்று காவலாளி பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. அவருக்கு என் மூக்கு சரியா வரலையாம். காட்டிட்டுப் போறேன்" என்றேன்.