வாப்பாவின் அடுப்பு

விறகு பிடிக்கவில்லை. பஸீஹா குனிந்து ஊதினாள். புகை முகத்தில் அடித்தது. உள்ளறையில் உம்மாவின் ஜனாஸா கிடந்தது. குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று வாப்பா சொல்லிவிட்டார்.

ஆவி பறக்கும் குண்டானைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு றலியா பின்கதவால் வந்தார். "விடுங்க புள்ள. நான் கேஸ்ல சூடாக்கிட்டேன்."

குண்டசாலையில் அந்த ஒழுங்கையில் கேஸ் இல்லாத வீடு இது ஒன்றுதான். வாப்பா முஹ்ஸின் விஞ்ஞான ஆசிரியர். ஓய்வுபெற்ற பிறகு பாடசாலை பாடசாலையாகப் போய், எண்ணெயும் நிலக்கரியும் தீர்ந்துபோகும் காலத்தைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கும் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தவர். கேஸ் கப்பலில் வருகிறது. கரண்டுக்கும் நிலக்கரி எரிக்கிறார்கள். கூரையில் சூரியத் தகடு போடலாமென்றால் மத்தியானத்தோடு மலை நிழல் விழுந்துவிடும். விறகு மட்டும்தான் வேலியில் வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. "வரப்போற புள்ளையளுக்கு நாங்க வெறும் பொகைய வெச்சிட்டுப் போகக் கூடாது" என்பார். பஸீஹா இதையே பேச்சுப் போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறாள்.

வேலைக்குப் போனதும், உம்மாவின் இருமலைப் பார்த்து, ஒரு கேஸ் அடுப்பு வாங்கித் தருவதாகச் சொன்னாள். உம்மா பாயிஸாதான் முதலில் மறுத்தார். "எனக்கு வெறகுல ஆக்கினாத்தான் ருசி."

"அன்டைக்கு டொக்டர் சென்ன நேரமே மாத்தீந்தா..." என்றார் றலியா இப்போது, புகையும் அடுப்பைப் பார்த்து.

"என்ன சென்ன?"

றலியா குண்டானைக் கீழே வைத்தார். "ஒங்களுக்குத் தெரியாதா? எங்கட மகன் றிஸ்விட த்ரீவீல்லதானே உம்மாவ டொக்டர்க்கிட்டக் கூட்டிப் போன. நெஞ்சு கெட்டது அடுப்புப் பொகையால, இனி அந்தப் பக்கமே போகக் கூடாது எண்டு டொக்டர் வாப்பாக்கிட்டச் சென்னாராம். போன நோன்புக்கு முந்தி."

பஸீஹா அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள்.

"வாப்பா கூட்டத்துக்குப் போற நாள்ல உம்மா எங்கட ஊட்டுலதான் ஆக்கின. சட்டிய முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு வருவா. ஆருக்கிட்டயும் செல்ல வாணாம் எண்டு கேட்டா."

குளிப்பாட்டும்போது உம்மா எவ்வளவு மெலிந்திருந்தார் என்று கண்டாள். இத்தனை நாளும் உடுப்பு அதை மறைத்திருந்தது.

உம்மாவுக்குக் கபன் துணி உடுத்தி முடித்ததும் வாப்பாவைத் தேடிப் போனாள். அவர் அறையில் தொப்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, டொக்டர் சென்னது உண்மையா?"

அவர் திரும்பவில்லை. "உம்மாவே பரவாயில்லை எண்டா."

"நான் அதக் கேக்கல்ல."

"பொகைபோக்கிய ஒசத்திக் கட்டலாம் எண்டு நெனச்சிட்டு ஈந்தேன்." ஜன்னலால் முன்வாசலைப் பார்த்தார். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார். "எத்தன பேருக்குச் சென்னவன் நான். எங்கட ஊட்டுலயே கேஸ் எண்டா, பேசப் போற எடத்துல என்னத்தச் செல்ற, மகள்?"

அவளுக்குக் கேட்க இன்னும் இருந்தது. அதற்குள் வாப்பாவை வெளியே கூப்பிட்டார்கள். உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் கதவுவரை வந்து நின்று அழுதார்கள். வாசலில் தாஸிம் என்ற மாணவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது பஸீஹாவுக்குக் கேட்டது.

"சேர் சென்னத வாழ்ந்து காட்டின மனுசன். அவங்கட மிஸிஸும் அப்பிடித்தான். கடசி வரைக்கும் வெறகடுப்புத்தான்."

மஃரிப் தொழுகைக்கு முன் ஆண்கள் திரும்பியபோது பஸீஹா றலியாவின் குசினிப் படியில் சோற்றுப் பீங்கானோடு இருந்தாள். வாப்பா வேலியோரம் வந்து நின்றார். சாரத்தின் ஓரமெல்லாம் மையவாடிச் செம்மண்.

"மகள், ஆக்கள் வந்தீக்கி. ஊட்டுக்கு வாங்க."

அவள் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். தலை தூக்கவில்லை.

வாப்பா குனிந்து, சாரத்தில் காய்ந்திருந்த மண்ணை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.