ஹார்லன் மெல்ல மூடிய போல்ட்

ஹார்லனின் வலது தோளைக் கத்தி வைத்துத் திறந்து தைத்த பிறகு, ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் போல்ட்டை, குண்டறையை மூடும் அந்த இரும்புத் தண்டை, பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுவது அவனால் ஆகாத காரியமாகிவிட்டது. முப்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் சுட்டவன். அவன் மனைவி வெர்னா துப்பாக்கி செய்கிறவள். ஒரு குண்டு சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றை அவனுக்காகவே செய்தாள். வீட்டில் நூறு கஜத்தில் பரிசோதித்தபோது, முதல் குண்டைத் தவிர மற்றதையெல்லாம் அது அரை அங்குலத்துக்குள் அடுக்கியது.

ஆனால் வயோமிங்கில், அந்தக் காற்றில், ஆயிரம் கஜத்தில் எதுவும் சொல்ல முடியாது; போன சனிக்கிழமை குண்டுகள் சிதறிப்போயின. "இன்னைக்கும் சிதறிச்சுன்னா துப்பாக்கி மன்றத்துல பேரை எடுத்துடுவேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டான். விளையாட்டுப் பேச்சில்லை. சுடாத ஹார்லன் வீட்டுக்குள் எப்படி இருப்பான் என்பதை இரண்டு மாதம் பார்த்தவள் வெர்னா. அப்பப்பா, அந்த முகத்தை இன்னொரு குளிர்காலம் பார்க்க அவளால் ஆகாது.

இருவர் அணிப் போட்டி. அவன் படுத்துச் சுட, அவள் பக்கத்தில் தொலைநோக்கியோடு. அடுத்த பாயில் டெல்மர், பழைய போல்ட் துப்பாக்கிக்காரன்.

"என்னப்பா ஹார்லன், தானா ஓடுற தையல் மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்க?"

"உன் கிழிஞ்ச வாயைத் தைக்கத்தான்" என்றாள் வெர்னா.

கணக்கில் சேராத முதல் குண்டு இடப்பக்கம் மேலே போனது. இரண்டாவது கீழே. ஹார்லன் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுத்துவிட்டான்.

"போச்சு. கண்ணும் போச்சு, கையும் போச்சு."

"சும்மா இரு கிழவா" என்றாள் வெர்னா. காற்று அப்படியே இருந்தது. அவன் விரலும் அசையவில்லை. வீட்டில் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியைப் போட்டுச் சுட்டபோதும் கையால் ஏற்றும் முதல் குண்டுதான் விலகும், மற்றதெல்லாம் சேர்ந்து நிற்கும். இங்கோ, சுட்டதும் போல்ட் தானே பின்னால் போய்த் திறந்து நின்றாலும், விதிப்படி ஒவ்வொரு குண்டையும் கையால்தான் போடவேண்டும். அப்படியானால் ஒவ்வொன்றுமே முதல் குண்டு!

"இன்னொண்ணு போடு."

அவன் தோட்டாவை வைத்தான். போல்ட்டைப் பிடித்துக்கொண்டே, தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவது போல, மெல்ல முன்னால் விட்டான். வெர்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மடையா! அதை ஏன் தடவிக்குடுக்கற? பட்டுன்னு விட்டாத்தானே முழுசா பூட்டும்? தானா ஏத்தும்போது அப்படித்தானே அடிக்குது!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ஹார்லன் பாயைப் பார்த்தான். "ஒவ்வொரு துண்டையும் கண்ணுல ஒத்திக்கிட்டு தேய்ச்ச. நான் எப்படி அதை டமார்னு அடிக்கறது?"

திட்டவந்த வெர்னா, துப்பாக்கியை விரலால் தட்டிக் காட்டினாள்.

"அது பீங்கான் கோப்பை இல்லப்பா. உனக்காகப் பண்ணது. உடைஞ்சா இன்னொண்ணு பண்ணித் தரேன். அடி."

அவன் இடது கையால் போல்ட்டை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, போல்ட்டை விடுவிக்கும் பொத்தானைத் தட்டினான். போல்ட் அறைந்து மூடியது. பிறகு கண்ணைத் திறந்து, குறி பார்த்து, மூச்சை நிறுத்திச் சுட்டான்.

இலக்குக்கு அடியில் குழிக்குள் இருந்தவர்கள் பலகையை இறக்கி, குண்டு பட்ட இடத்தைக் குறித்து மறுபடி ஏற்றினார்கள். வெர்னா தொலைநோக்கியில் கண் வைக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல!" என்று கத்தியது டெல்மர்தான். "பாழாப்போன தையல் மெஷின், நட்டநடுவுல!"

ஹார்லன் அடுத்த தோட்டாவுக்குக் கையை நீட்டினான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"அம்மணி, அடுத்த சனிக்கிழமைக்கும் நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துடு."