நெஞ்சு உயரத்தில் ஒரு வெட்டு

அந்த வீட்டுக் கூடத்தின் காற்றில் விழுந்த வெட்டுக்கு இருபத்தாறு வயதாகிறது. தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை படுக்கை வாட்டத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. விவரம் அறியாமல் நிமிர்ந்து நடந்த காப்பீட்டு முகவர் ஒருவர் சட்டைப் பொத்தானையும் கொஞ்சம் தோலையும் இழந்தார். வீட்டுப் பெண்கள் நூல் அறுப்பதற்கும் ரொட்டியைத் துண்டு போடுவதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வெட்டியவர் அந்த வீட்டுப் பெரியவர். சரக்குக் கிடங்கில் மூட்டைகளின் தையலைப் பிரித்து மாதிரி எடுப்பது அவருடைய வேலை. அதற்காக, அப்பா விட்டுச் சென்ற மடக்குக் கத்தியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அந்தக் கத்தி தொடர்பாக அந்தக் குடும்பத்தில் இரண்டு விதிகள் உண்டு. வீட்டு ஆண்கள்தான் தீட்ட வேண்டும்; எண்ணெய் விட்ட கல்லில், இந்தப் பக்கம் ஏழு இழுப்பு, அந்தப் பக்கம் ஏழு இழுப்பு. விரித்த கத்தி எதையாவது வெட்டாமல் மடங்கக் கூடாது. பெரியவர் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோது, மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் தம்பி கத்தி மழுங்கிக் கிடப்பதைக் கண்டு, அண்ணன் எழுந்ததும் சந்தோஷப்படுவார் என்று, தெருமுனைச் சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கி வந்தார். சக்கரத்தில் பொறி பறந்ததைத் தெருவே நின்று பார்த்தது.

கூடத்தில் வைத்து அண்ணனிடம் நீட்டினார். பெரியவர் விரித்துப் பார்த்தார்.

"கைய நீட்டுங்கண்ணே, முடி கூட மிஞ்சாது."

"யாரு தீட்டினது?"

"நம்ம சாணைக்காரர்தான். என்ன கை அது!"

"நம்ம வீட்டுக் கத்தியக் கொண்டுபோய் நடுத்தெருவுல நீட்டினியா?"

"கத்திதானேண்ணே. கல்யாணப் பொண்ணையா நிறுத்தினேன்?"

விரித்த கத்தியை அப்படியே மடக்க முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் வேறு ஒன்றும் இல்லாததால், தனக்கும் தம்பிக்கும் நடுவே இருந்த காற்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிவிட்டு மடக்கினார். கோபத்தில் வீசினார் என்று தெருவில் சொல்வது தவறு. விதிப்படி செய்தார். அந்தச் சாணைக்காரரின் கூர்மை இல்லாமல் காற்று வெட்டுப்பட்டிருக்காது என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையிலிருந்து வழக்கம்போலத் தம் கையாலேயே கல்லில் தீட்டினார். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வெட்டு ஓர் அரிசி நீளம் வளர்ந்தது. தீட்டுவதை நிறுத்தும்படி மனைவி சொன்னார், கிடங்கு மேலாளர் சொன்னார். மழுங்கிய கத்தியோடு வேலைக்குப் போகிறவர் அந்தக் குடும்பத்தில் பிறக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் வெட்டு இரண்டு சுவர்களையும் தொட்டது. முன்பக்கம் பெரியவருக்கும் பின்பக்கம் தம்பிக்கும் ஆயிற்று. குனிந்தால் போகலாம், பெண்களும் பிள்ளைகளும் நாளுக்கு இருபது தடவை குனிந்து போய்வந்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் குனியவில்லை. தம்பி பின்வாசல் சந்து வழியாக வேலைக்குப் போனார். கூப்பிட்டால் வருவதாக அவர் இருந்தார். வந்தால் பேசுவதாகப் பெரியவர் இருந்தார். வெட்டுக்கு மேலே இருவர் முகமும் ஒருவருக்கொருவர் தெரியும்படியே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

பிறகு தம்பிக்கு நுரையீரலில் நோய் வந்தது. எழுந்து உட்காரவும் முடியாமல் போன ஒரு மதியம், அவர் மனைவி குனிந்து வந்து பெரியவர் முன் நின்றார்.

"மாமா, ஒரே ஒரு நிமிஷம் குனிஞ்சு வந்து பாத்துட்டுப் போங்க. உங்களையேதான் கேக்குறாரு. நாங்க தினம் குனியலையா, எங்க முதுகு என்ன ஒடைஞ்சா போச்சு?"

"அவன வரச் சொல்லும்மா."

"எந்திரிக்க முடியலன்னுதானே சொல்றேன்!"

உள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. "விடு. அவரத் தொந்தரவு பண்ணாத. நான் படுத்த வாக்குலயே வந்துடுவேன்."

அப்படியே வந்தார். நான்கு நாள் கழித்து, பின்வாசல் சந்து நால்வர் தூக்கிச் செல்லும் அளவுக்கு அகலமில்லாததால், கூடத்தின் வழியாகவே கொண்டுவந்தார்கள். தூக்கியவர்கள் குனிந்தார்கள். அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. பெரியவர் சுவரோரமாக நிமிர்ந்து நின்றார். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் தலை வணங்கவில்லை என்பது அன்று ஊருக்கே தெரிந்தது. அதற்காக யாரும் அவரைப் பாராட்டவில்லை.

அதன்பின் பெரியவர் ஓய்வு பெற்றார், மனைவியை இழந்தார். கத்தி சட்டைப் பையை விட்டு நீங்கவில்லை, தீட்டுவதும் நிற்கவில்லை. வயது அவர் முதுகை வளைக்கத் தொடங்கியது. முதல் வருடம் தோள் தாழ்ந்தது. அடுத்தடுத்த வருடங்களில் தரை மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. எழுபத்தொன்பதாம் வயதில் ஒரு சாயங்காலம், யாரோ கூப்பிட்டதுபோலக் கூடத்தைக் கடந்து நடந்தார். வெட்டு அவர் தலைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் இருந்தது. அவர் குனியவில்லை; நடந்தார், அவ்வளவுதான்.

தம்பியின் கட்டிலில் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். தம்பியின் மனைவி அவரைப் பார்த்தார். தம்பி போன பதினோரு வருஷமாகப் பெரியவருக்கென்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தவர் அவர்.

"டீ போடட்டுமா, மாமா?"

"போடும்மா."

இப்போது தினமும் நாலு மணிக்கு வருகிறார். துணி மடித்து முடியும்வரை இருந்துவிட்டு, வந்த வழியே போகிறார்.